வாலில் காப்புக் கட்டிய மீன்

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி அமாவாசைதோறும் வீட்டுக்குப் போய்விடுவாள். மறுநாள் தேர்வு இருந்தாலும் போவாள். திரும்பி வரும்போது அவள் உள்ளங்கைகளில் மெல்லிய சிவந்த கோடுகள் இருக்கும். துணிப்பையைத் திறந்தால் அறையில் மீன் வாடை பரவும். ஆனால் அவள் மீன் சாப்பிடுவதில்லை; சாப்பாட்டுக்கூடத்தில் மீன் குழம்பு இருக்கும் பக்கமே போகமாட்டாள். ஓராண்டு ஒரே அறையில் இருந்தும் இவற்றைச் சேர்த்து நான் எதுவும் கேட்டதில்லை. கேட்காதவள் என்பதால்தான் அவள் என்னோடு ஒட்டிக்கொண்டாள் என்று பிறகு தோன்றியது.

அவள் விலங்கியல் மாணவி, நான் தமிழ் இலக்கியம். அதனால் என்னைப் "புலவரே" என்று அழைப்பாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மழைக்காலம் முடியும் ஒரு வாரத்தில், அவள் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்:

"புலவரே, இந்த அமாவாசைக்கு எங்க வீட்டுக்கு வரியா? மீன் தூக்க ஒரு ஆள் வேணும். சித்தப்பா இனிமே வரமாட்டேன்னுட்டாரு."

"எவ்வளவு பெரிய மீன்?"

"ஒனக்குத் தம்பி இருந்தா, அவன் அளவு."

நான் மலேசியாவின் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்களுக்கு மீன் என்பது மோட்டார் சைக்கிளில் வரும் சீன மீன்காரரின் பெட்டியில், பனிக்கட்டிக்கு நடுவே, கண் வெளுத்துக் கிடப்பது. உயிருள்ள கடல் மீனை நான் பார்த்ததேயில்லை. சரி என்றேன்.

சிரம்பானிலிருந்து லிங்கி போகும் பேருந்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அளவான குரலில் சொன்னாள். அவளுடைய அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிச் செல்பவர். ஓய்வு நாள்களில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சிறு படகில் போய்ப் பெரிய மீன்களைப் பிடிப்பார். அந்த இடத்தை அங்கே எல்லாரும் கோலா என்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை அப்படிப் போனவர் திரும்பவில்லை. மதியம் படகு மட்டும் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களின் வேர்களில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே அவருடைய செருப்புகள், வாசலில் கழற்றி வைத்ததைப்போல, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. சாப்பாட்டு டப்பா காலியாகவும் கழுவியும் இருந்தது. தூண்டிலின் நைலான் நரம்பு ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. போலீசும் மலாய் மீனவர்களும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

"ஒடம்பு இல்லாததால அம்மா காரியம் செய்ய விடல. பாக்காத சாவுக்குத் தாலியக் கழட்டமாட்டேன்னுட்டாங்க. முனீஸ்வரர் கோயில்ல வேண்டிக்கிட்டாங்க. அமாவாசைக்கு அமாவாசை கோலாவுல ஒரு பெரிய உயிரக் கையில வாங்கி, உயிரோட திருப்பிக் குடுக்கணும். குடுத்தா, கோலா எடுத்ததத் திருப்பிக் குடுக்கும்."

"நீதான் பிடிக்கிறாயா?"

"வேற யாரு? அப்பா எனக்குத்தான் சொல்லிக் குடுத்தாரு. மீன் நீந்திப் போச்சுன்னா அப்பா இருக்காரு. மெதந்துச்சுன்னா…"

"எப்போதாவது மிதந்ததா?"

"இல்ல. நான் விடமாட்டேன்."

நான் கேட்காமல் இருந்த கேள்விக்கு அவளே பதில் சொன்னாள். "நான் விலங்கியல் படிக்கிறேன் லா. அப்பா இல்ல. எனக்குத் தெரியும். அத அம்மா வாயால சொல்லணும், அவ்வளவுதான். சொன்னாத்தான் அந்த வீட்டுல மறுபடியும் ஏதாவது நடக்கும்."

அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். செம்பனை மரங்களுக்கடியில் களை எடுக்கும் வேலை. கைகள் கருத்துக் காய்த்திருந்தன. ஆனால் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டும் தலையில் பூவும் இருந்தன. தாலி ரவிக்கைக்கு வெளியே எல்லாரும் பார்க்கும்படி தொங்கியது.

"வா பாப்பா. எந்தப் பக்கம்? பகாவா? அங்க கடல் இல்லல்ல?"

"இல்லைங்கம்மா."

"நல்லது" என்றார், மனதார.

அன்று மாலை பக்கத்து லயத்து வீடு ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள். நாங்கள் மூவரும் போயிருந்தோம். சந்தனக் குங்குமத் தட்டை ஏந்தி வந்த பெண், வரிசையாக எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே வந்தாள். தோழியின் அம்மாவிடம் வந்ததும் தட்டு நின்றது; அவரைத் தாண்டிச் சென்றது; பிறகு வெட்கத்தோடு திரும்பி வந்தது. அம்மா சாவகாசமாகக் குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டார். எழுந்து வரும்போது என் தோழியின் முகத்தைப் பார்த்தேன். பேருந்தில் அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது தரையில் நான்கு தட்டுகள் இருந்தன. நான்காவது தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்தார் அம்மா. "அவரு எப்பவும் லேட்டாத்தான் வருவாரு" என்றார் எனக்காக.

காலையில் படித்துறைக்குப் போனோம். தோட்டத்தின் எல்லையில், செம்பனை முடிந்து கண்டல் தொடங்கும் இடத்தில், பலகைகள் அடித்த ஒரு சிறு துறை. அங்கே கட்டியிருந்தது அதே படகு. நான் ஏறி நடுப் பலகையில் உட்காரப் போனேன்.

"அங்க வேணாம் பாப்பா. முன்னால போயி ஒக்காரு" என்று துறையிலிருந்து அம்மா சொன்னார்.

தோழி பின்னால் எந்திரத்தின் பக்கம், நான் முன்னால். நடுப் பலகை காலியாக இருந்தது. இரண்டு மெலிந்த பெண்கள் ஏறிய படகு அவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது. அடியில் தேங்கிய மழைநீரின் எடை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, தகரக் குவளையால் நீரை இறைத்தேன். இறைத்து முடித்த பிறகும் படகின் விளிம்பு நீருக்கு அதே அளவு அருகில்தான் இருந்தது.

அந்த இடத்தின் ஒலியை இதற்கு முன் நான் கேட்டதில்லை. காற்று இல்லை, பறவை இல்லை. ஆனால் கண்டல் சேற்றிலிருந்து இடைவிடாமல், விறகு எரிவதைப்போல, ஒரு படபடப்பு. "எறா. சின்ன எறா. கொடுக்கை மடக்குற சத்தம்" என்றாள் தோழி. விளக்கம் சரியானதுதான். இருந்தும் எரியாத ஒன்று எரிகிற சத்தத்துக்கு நடுவே, பகல் வெளிச்சத்தில், நான் குளிரை உணர்ந்தேன்.

அவள் தூண்டில் முள்ளின் பின்முனையைக் குறடால் நசுக்கி மழுக்கினாள், மீன் வாயிலிருந்து எளிதில் கழல்வதற்காக. உயிருள்ள பெரிய இறாலைக் கோத்து, நரம்பைக் கையாலேயே விட்டாள். தூண்டில் கோல் இல்லை. நரம்பு சுட்டுவிரலின் மேல் ஓடியது. நீர் ஏற்றம் நின்று வற்றத் தொடங்கும் நேரத்தில் விரல் சட்டென்று கீழே இழுபட்டது.

அவள் போராடியதை நான் விவரிக்கப் போவதில்லை. பெரும்பகுதி நேரம் நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது படகின் பக்கத்தில் ஒரு பெரிய தலை நீருக்கு வெளியே இருந்தது. தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள், எங்கள் நாட்டில் சியாக்காப். வெள்ளித் தகட்டைப்போன்ற செதில்கள். கண் மட்டும் வேறு எதையோ சேர்ந்தது. பட்டப்பகலில் அது உள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது. பிறகு அந்த மீன் உறுமியது. மீனுக்குக் குரல் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"கைய நனை! காஞ்ச கையால தொடாத, வழுவழுப்புப் போச்சுன்னா புண்ணு வரும். வயித்துக்கடியில ஏந்து. குழந்தையத் தூக்குற மாதிரி."

"எனக்குக் குழந்தையைத் தூக்கிப் பழக்கம் இல்லை."

"பாடப்புத்தகம் மாதிரிப் பேசாம புடி லா!"

நீரைவிட்டு வெளியே எடுக்காமல், படகோடு அணைத்தபடியே அதைத் துறைக்குக் கொண்டுவந்தோம். தூரம் அதிகமில்லை; அங்கே நாங்களும் நீரில் இறங்கினோம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு நீரில் இறங்கி நின்றிருந்தார். மஞ்சள் தோய்த்த கயிறு ஒன்றை அவர் வாயில் கவ்வியிருந்தார். மீனின் வால் ஒடுங்கும் இடத்தில் அதைச் சுற்றி முடிந்தார். கைக்குழந்தைக்குக் காப்புக் கட்டுவதைப்போல, இறுகாமலும் நழுவாமலும்.

பிறகு அதனோடு பேசினார்.

"நல்லா இருக்கீங்களா? மெலிஞ்ச மாதிரி இருக்கீங்க. நம்ம பொண்ணு ரெண்டாவது வருசம் படிக்கிறா. சின்ன மாமா வீட்டுல கூரை மாத்திட்டாங்க. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்பட வேணாம்."

மரியாதைப் பன்மையில், தலையைச் சற்றுக் குனிந்து, ஒரு மனைவி கணவரிடம் பேசும் குரலில். மீனின் வயிறு என் கைகளின் மேல் ஏறி இறங்கியது. வெயில் தலையில் அடித்தது. அந்தப் பேச்சுக்குப் பதில் வருவதற்காக மூன்று பெண்கள் நீரில் காத்திருப்பதாக ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

தோழி மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தாள். செவுள்களுக்குள் தண்ணீர் போக வேண்டும். நெடுநேரம் ஆயிற்று. பிறகு என் கைகளில் இருந்த பாரம் திடீரென்று இறுகி, ஒரு வீச்சில் இல்லாமல் போனது. தெறித்த தண்ணீர் அம்மாவின் முகத்தில் வழிந்தது.

"இருக்காரு" என்றார் அம்மா. சிரித்தார்.

தோழி கைகளைக் கழுவிக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

அதன் பிறகு எல்லா அமாவாசைக்கும் நான் அவளோடு போனேன். சில நாள் மீன் கிடைக்கும். சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் அம்மா சாப்பிடமாட்டார். வகுப்பில் நெய்தல் நிலத்துக்கு உரிய உணர்வு இரங்கல் என்று படித்து, அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். கடலோரத்தில் நான் கண்ட ஒரே பெண் இரங்கவில்லை. அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். அதுதான் என்னை அச்சுறுத்தியது.

ஆடி மாதம் வந்தது. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் மாலை, சித்தப்பா தோட்டத்துக்கு வந்தார். அப்பாவின் தம்பி; போர்ட்டிக்சனில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். வீட்டுக்குள் வராமல் மோட்டாரில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"அண்ணி, நாளைக்குப் பீச்சுல எல்லாரும் செத்தவங்களுக்குத் திதி குடுக்குறாங்க. கோயில் பண்டாரத்துக்கிட்ட சொல்லிட்டேன். அண்ணனுக்குத் தர்ப்பையில உருவம் செஞ்சு காரியத்த முடிச்சிடலாம்னு சொல்றாரு. நான் செய்யிறேன். ஆனா நீங்க சரின்னு சொல்லணும். நீங்க சொல்லாம அவரு தொடமாட்டாரு."

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளுத் தண்ணி விடுவியா?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, அண்ணி. எங்க அண்ணன் ரெண்டு வருசம் ஒரு போன் போடாம இருக்கிற ஆளா?"

"அங்க போன் இருக்குமோ, என்னமோ."

சித்தப்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எங்க அண்ணி?" என்றார் மெதுவாக. "எங்க இருக்காருன்னு சொல்லுங்க, நான் போயிக் கூட்டியாறேன்."

"டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார் அம்மா.

"மத்தியானம் வரைக்கும் பீச்சுல காத்துக்கிட்டு இருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது, அண்ணி. ராத்திரியில எனக்குத் தூக்கம் இல்ல. அண்ணன் ஈரத் துணியோட கட்டில் காலுக்குக் கிட்ட வந்து நிக்கிறாரு. ஒண்ணும் கேக்கமாட்டேங்குறாரு. சும்மா நிக்கிறாரு."

மோட்டாரின் ஓசை செம்பனைக்குள் தேய்ந்து மறையும் வரை அம்மா வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, "ஈரத் துணியோடவா?" என்று கேட்டார். எங்கள் இருவரில் யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கோலாவில் நீர் அசைவற்று, அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில் கிடந்தது. அக்கரையில் எங்கோ எரியும் காட்டின் புகை கடல்மேல் படிந்திருந்ததால் வானத்துக்கும் தண்ணீருக்கும் இடையே கோடு தெரியவில்லை. தோழி நரம்பை விட்டுவிட்டு அப்பாவின் காலிப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இழுப்பு வந்தது, ஆனால் போராட்டம் இல்லை. மீன் தானாக வருவதைப்போல, பாரமாக, மெதுவாக மேலே வந்தது. மிகப் பெரியது. இதற்கு முன் பிடித்தவற்றைவிடப் பெரிய தலை. ஆனால் உடல் தலைக்குப் பொருந்தவில்லை. நான் கைகளை நனைத்து வயிற்றின் கீழ் ஏந்தினேன். பிறகு வாலைப் பார்த்தேன்.

வால் ஒடுங்கும் இடத்தில் மீன் ஏறக்குறைய துண்டாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடி அதைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. இருபுறமும் சதை வீங்கிப் புடைத்திருக்க, நடுவில் ஆழமான பள்ளம்; பள்ளத்தின் ஓரம் வெளுத்து, அழுகி, மெல்லிய நூல்களாகத் தண்ணீரில் அலைந்தது. அங்கே எதுவும் இல்லை. வலையில்லை, வேர் இல்லை. வெறுமையே அந்த மீனின் வாலைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

தோழி குனிந்து சுண்டுவிரலைப் பள்ளத்துக்குள் விட்டாள். மீன் உறுமியது. அவள் எதையோ நகத்தால் நெம்பினாள். வெளிச்சத்தில் ஒரு கணம் கண்ணாடிக் கோடு ஒன்று மின்னி மறைந்தது.

"நரம்பு" என்றாள். "அப்பாவோட நரம்பு."

பிறகுதான் சொன்னாள். வெறும் பருத்திக் கயிறு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப் போகும் என்று, அம்மா அப்பாவின் தூண்டில் நரம்பை உள்ளே வைத்து மேலே மஞ்சள் கயிற்றை முறுக்கியிருந்தார். காப்பு அறுந்தால் அவருக்கு ஆகாது. மஞ்சளும் பருத்தியும் கரைந்துவிட்டன. நரம்பு கரையவில்லை. மீன் வளர்ந்தது, முடிச்சு வளரவில்லை. அது எங்கள் கைகளிலிருந்து பாய்ந்து போன மீன்களில் ஒன்று. எது என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவையும் இந்தப் புகைநிற நீருக்கடியில், இதே இடத்தில் இறுகியபடி, எங்கோ நீந்திக்கொண்டிருந்தன.

அவள் மீனின் தாடையைப் பிடித்திருந்தாள். அசைக்கவில்லை. தலை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பப்படவில்லை. செவுள் ஒருமுறை திறந்தது. நெடுநேரம் கழித்து இன்னொருமுறை.

"ஏன் அசைக்கவில்லை?" என்றேன்.

"சும்மா இருந்தா போதும்" என்றாள் அவள், மெல்ல. "நான் ஒண்ணும் செய்ய வேணாம். இது மெதக்கும். அம்மா பாப்பாங்க. சித்தப்பா பீச்சுல காத்துக்கிட்டு இருக்காரு. எல்லாம் முடிஞ்சிரும், புலவரே."

எதுவும் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். சேற்றின் படபடப்பு மட்டும் கேட்டது. மீனின் சிவந்த கண் மங்கிக்கொண்டு வந்தது. உள்ளே யாரோ விளக்கின் திரியை இறக்குவதைப்போல.

"சீ" என்றாள் அவள். யாரைச் சொன்னாளோ. சட்டென்று மீனைத் திருப்பி, ஆவேசமாக முன்னும் பின்னும் இழுக்கத் தொடங்கினாள். "எந்திரத்த விடு, துடுப்பப் போடு! கத்தி தொறையில இருக்கு, இங்க இல்ல. போடு லா, வேகமா!"

துடுப்புப் போடத் தெரியாத நான் போட்டேன்.

அம்மா நீரில் காத்திருந்தார், வாயில் மஞ்சள் கயிற்றோடு. மீனைத் தன் பக்கம் வாங்கினார். "நல்லா இருக்கீங்களா?" என்று தொடங்கியவரின் கை, பழக்கத்தின் வேகத்தில், வாலுக்குப் போனது. கட்ட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்ததை அவருடைய விரல்கள் கண்களுக்கு முன்பே கண்டுகொண்டன. விரல் பள்ளத்துக்குள் இறங்கி முடிச்சைத் தொட்டது. தன் முடிச்சு அவருக்குத் தெரியாதா?

வாயிலிருந்த கயிறு நீரில் விழுந்து மிதந்தது.

"அம்மா, அது வலையில மாட்டி…" என்று தோழி தொடங்கினாள்.

"பொய் சொல்லாத டி."

தோழி துறைப் பலகையிலிருந்து கத்தியை எடுத்து வந்தாள். நான் தலையைப் பிடித்தேன். அம்மா வாலைத் தாங்கினார். அவள் நுனியால் நெம்பி வெட்டினாள். நரம்பு அறுந்தது. ஒரு பகுதி சுருண்டு வெளியே வந்தது. மீதி சதைக்குள் எலும்போடு ஒட்டியிருந்தது. அதைத் தொட்டால் வால் கழன்றுவிடும் என்றாள் தோழி. அப்படியே விட்டோம்.

அம்மா மீனின் பக்கமாகக் குனிந்தார்.

"நாந்தான் புடிச்சு வச்சிருந்தேன்" என்றார். "நீங்க ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

பிறகு நிமிர்ந்து, கைகளை விலக்கிக்கொண்டு, "போங்க" என்றார்.

தமிழ் வீட்டில் கடைக்குப் போகிறவரிடம்கூட எவரும் அப்படிச் சொல்வதில்லை. என் தோழி நீரில் நின்றபடியே இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீன் போகவில்லை. புரண்டு மிதக்கவும் இல்லை. நாங்கள் கையை எடுத்த பிறகும் அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், துறைப் பலகைகளின் நிழலில், நிமிர்ந்தே நின்றது. துடுப்புகள் மட்டும் அசைந்தன. கண்ணில் சிவப்பு மெல்லத் திரும்பியிருந்தது. அது எங்களைப் பார்த்ததா என்று என்னால் சொல்ல முடியாது. மீனின் கண் எதையும் பார்க்காமலும் எல்லாவற்றையும் பார்ப்பதுபோல் இருக்கும்.

"நீ வீட்டுல இருக்கிற மோட்டார எடுத்துக்கிட்டுப் பீச்சுக்குப் போ" என்று அம்மா மகளிடம் சொன்னார். "சித்தப்பாகிட்ட நான் சரின்னு சொன்னேன்னு சொல்லு. செய்யச் சொல்லு."

"நீங்களும் வாங்கம்மா."

"இது இங்க நிக்கிதுல்ல? இது போகட்டும். போ டி, மத்தியானம் ஆயிரும்."

தோழி போனாள். இரண்டு ஆண்டுகளாக அவள் விரும்பிய சொல் அதுதான். ஆனால் மோட்டாரைக் கிளப்பும்போது அவள் கால் உதையில் தவறியது. மறுபடியும் உதைத்தாள், மறுபடியும் தவறியது. மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை கிளப்பினாள்.

நானும் அம்மாவும் துறைப் பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடுக்குகளின் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். நீர் வற்றிக்கொண்டிருந்தது. மீன் அதே இடத்தில், அதே திசையில் நின்றது. போர்ட்டிக்சன் கடற்கரையில் இந்நேரம் சித்தப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பார்; அவர் முன்னால் புல்லால் செய்த ஓர் உருவம் கிடத்தப்பட்டிருக்கும். அம்மாவின் தாலி முன்னால் சரிந்து, காற்றில்லாத வெளியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

"பாப்பா, கால் மரத்துப் போச்சா?"

"இல்லைங்கம்மா."

"எனக்கு மரத்துப் போச்சு" என்றார். ஆனால் அசையவில்லை.

நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். இதில் எனக்கு ஐயம் இல்லை. பார்ப்பதைத் தவிர அன்று எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. பலகைகளின் நிழல் நீரில் நீளநீளமாக விழுந்திருந்தது. அந்தக் கோடுகளில் ஒன்று மீனின் முதுகு. பிறகு, எல்லாக் கோடுகளும் நிழலாகவே இருந்தன. தண்ணீர் கலங்கவில்லை. சேறு எழவில்லை. குமிழி ஒன்றுகூட இல்லை. மீன் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"நீ பாத்தியா?"

"இல்லைங்கம்மா."

"நானும் பாக்கல." சற்று நேரம் அந்தக் காலி நீரைப் பார்த்திருந்தார். "கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பலகையில் கையூன்றி எழ முயன்றார். கால் மரத்திருந்ததால் முடியவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். ஈரமாகவும், மீனைப்போல் குளிர்ந்தும் இருந்தது. என் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்து எழுந்தவர், உணர்வு திரும்பும் வரை அப்படியே நின்றார். பிறகு நெற்றிப் பொட்டைத் துடைக்காமல், படகின் பக்கமும் பார்க்காமல், என்னைப் பிடித்தபடியே செம்பனை மரங்களுக்கு நடுவே வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.